பழ ஈயின் குரோமோசோமில் யார் யாரோடு கைகோர்க்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில், திருமங்கலம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தின் ஒரு மூலையில் பழ ஈ வளரும் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் முதலில் "ஈயை எதுக்கு வளர்க்கிறீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். பதில் சொல்லச் சொல்லக் கேள்வி ஆழமாகிக்கொண்டே போகும். மாணவர்களும் பெற்றோரும் தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: குரோமோசோமை மடித்து வைக்கும் புரதங்கள், தங்களுக்குள் ஒன்றை ஒன்று எப்படி அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கின்றன?

மாங்காயில் புழு வைக்கும் பழ ஈ இதுதானா?

நத்தம், அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இது வேறு. மாங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடுவது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு இருக்கும். மெத்தில் யூஜினால் பொறி வைத்து நீங்கள் பிடிப்பது அதன் ஆண் ஈக்களை. எங்கள் பாட்டிலில் இருப்பது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கண் செக்கச்செவேல் என்றிருக்கும். சிம்மக்கல் பக்கம் வாழைப்பழக் கடையில், கனிந்து வெடித்த பழத்தைச் சுற்றிக் கூட்டமாக மிதக்குமே, அந்தக் குடும்பம். நல்ல காய்க்கு இது கெடுதல் செய்யாது. அழுகலில் வளரும் ஈஸ்ட்தான் இதற்குச் சாப்பாடு.

குரோமோசோமை எதற்கு ஒழுங்குபடுத்த வேண்டும்? அது பாட்டுக்கு இருக்கக் கூடாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழ ஈயின் ஒரு தொகுதி டிஎன்ஏ-வில் சுமார் 18 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ நூலின் வேதி அலகுகளை எழுத்து என்கிறேன்). பக்கத்துப் பக்கத்து எழுத்துகளுக்கு இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கினால் ஆறு சென்டிமீட்டர் வருகிறது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு தொகுதி, ஆகப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதை வைக்க வேண்டிய உட்கருவின் குறுக்களவு சில மைக்ரோமீட்டர்தான். வெறுமனே திணித்தாலும் இடம் கொள்ளும். ஆனால் திணித்த நூலில் வேலை நடக்க வேண்டுமே!

சுமார் 14,000 ஜீன்கள் இதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தத் திசுவில், எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது என்ஹான்சர் என்னும் சிறு டிஎன்ஏ துண்டுகள். ஜீன் தொடங்கும் இடத்துக்குப் பெயர் புரொமோட்டர். என்ஹான்சர் புரொமோட்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை; ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளியிருந்தும் அதைத் தூண்டும். சிக்கல் இங்கேதான். கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெருவுக்கென்று கட்டியது அடுத்த தெருவுக்கும் கேட்கும். அடுத்த தெருவில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். ஒரு ஜீனுக்கான தூண்டல் பக்கத்து ஜீனுக்கும் போய்விட்டால், தலையில் உணர்கொம்பு வர வேண்டிய இடத்தில் கால் முளைக்கும் அளவுக்குக் குளறுபடி ஆகலாம். பழ ஈயில் அப்படிப்பட்ட பிறழ்வுகளைக் கண்ணாலேயே பார்க்க முடியும்.

அந்தத் தூண்டலைத் தடுத்து நிறுத்தும் டிஎன்ஏ துண்டுக்கு இன்சுலேட்டர் என்று பெயர். மின்கம்பத்தில் வெள்ளைப் பீங்கானாக இருக்கிறதே, அதே சொல். ஆனால் டிஎன்ஏ தானாக எதையும் தடுக்காது. அதன் மேல் வந்து உட்காரும் புரதங்கள்தான் தடுக்கின்றன. அந்தப் புரதங்களும் தனித்தனியே உட்கார்ந்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தூரத்தில் இருக்கும் இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் நூல் வளைந்து கண்ணியாகிறது, எல்லை உண்டாகிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டு கதை சொல்கிறேன். இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை.

முதல் கதை வெயில் பற்றியது. பழ ஈயின் புழுவை 37 டிகிரியில் வைத்தால் (நம் ஊரில் அது சாதாரண ஏப்ரல் மதியம்) வெப்பத்தைத் தாங்க உதவும் ஹெச்எஸ்பி70 என்ற ஜீன் முழு வேகத்தில் இயங்கும். உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ராட்சதக் குரோமோசோமில், 87ஏ7 என்று எண்ணிட்ட இடம் பஞ்சுபோல் உப்பிவிடும். அந்த உப்பல் இரண்டு பக்கமும் எங்கே நிற்கிறது என்று தேடியதில், 1985-இல் இரண்டு டிஎன்ஏ துண்டுகள் அகப்பட்டன. எஸ்சிஎஸ், எஸ்சிஎஸ்-பிரைம் என்று பெயர் வைத்தார்கள். 1991-இல் கெல்லம், ஷெட்ல் இருவரும் கண்ணுக்கு நிறம் தரும் ஒயிட் ஜீனின் இரு பக்கமும் இந்தத் துண்டுகளைக் கட்டி, ஈயின் குரோமோசோமில் வெவ்வேறு இடங்களில் செருகினார்கள். சாதாரணமாக, செருகிய இடத்துக்குத் தகுந்தபடி கண்ணின் நிறம் கூடும், குறையும். இந்தத் துண்டுகள் இருந்தபோது எங்கே செருகினாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அக்கம்பக்கத்துச் சத்தம் உள்ளே வரவில்லை. பின்னாளில் எஸ்சிஎஸ் மேல் உட்காருவது இசட்டபிள்யூ5 என்ற புரதம், எஸ்சிஎஸ்-பிரைம் மேல் உட்காருவது பீஃப்-32 என்ற புரதம் என்று தெரிந்தது.

இரண்டாவது கதை ஒரு மஞ்சள் ஈயைப் பற்றியது. யெல்லோ என்ற ஜீன் உடம்புக்குக் கருமை தருவது. அது கெட்டால் ஈ மஞ்சளாகும். ஆனால் ஒய்2 என்ற ஒரு வகையில், உடம்பும் இறகும் மஞ்சள்; முட்கள் போன்ற ரோமங்கள் மட்டும் கருப்பு. ஒரே ஜீன், பாதி இடத்தில் வேலை செய்கிறது, பாதி இடத்தில் இல்லை. காரணம், ஜிப்சி என்ற தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று யெல்லோ ஜீனுக்கு முன்னால் வந்து குந்தியிருக்கிறது. உடம்புக்கும் இறகுக்குமான என்ஹான்சர்கள் அதற்கு அந்தப் பக்கம். ரோமத்துக்கான என்ஹான்சர் ஜீனுக்கு உள்ளேயே, இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துத் தூண்டல் மட்டும் தடைபடுகிறது. ஜிப்சிக்குள் சு-ஹேரிவிங் என்ற புரதம் உட்காரப் பன்னிரண்டு இடங்கள் இருக்கின்றன. சு-ஹேரிவிங் ஜீனைக் கெடுத்துவிட்டால் தடை நீங்கி ஈ மறுபடியும் கருப்பாகிறது.

இத்தோடு கதை முடியவில்லை. மாட்-எம்டிஜி4 என்ற இன்னொரு ஜீனில் பழுது இருந்தால், சு-ஹேரிவிங் நன்றாக இருந்தும் விளைவு மாறிவிடுகிறது: கருப்பாக இருந்த ரோமங்களிலும் சில மஞ்சளாகின்றன. அப்படியென்றால் சு-ஹேரிவிங் தனியாள் இல்லை, அதற்குக் கூட்டாளி உண்டு என்று புரிந்தது. புரதத்துக்குப் புரதம் எப்படி ஒட்டுகிறது என்ற ஆராய்ச்சிக்கு அப்படித்தான் ஓர் ஈயின் நிறம் வழிவிட்டது.

அந்தப் புரதங்களில் எது டிஎன்ஏ-வைப் பிடிக்கும், எது இன்னொரு புரதத்தைப் பிடிக்கும்?

பெரும்பாலானவற்றில் ஒரே புரதத்துக்குள் இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. டிஎன்ஏ-வைப் பிடிப்பது பொதுவாகத் துத்தநாக விரல்கள்: ஒவ்வொரு விரலின் நடுவிலும் ஒரு துத்தநாக அயனி உட்கார்ந்து வடிவத்தைத் தாங்கும். சு-ஹேரிவிங்குக்குப் பன்னிரண்டு விரல்கள், சிடிசிஎஃப் என்ற புரதத்துக்குப் பதினொன்று. விரல்கள் வரிசையாக டிஎன்ஏ-வின் பள்ளத்தில் பதிந்து, குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தடவிக் கண்டுபிடிக்கின்றன.

இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் பகுதி பெரும்பாலும் வால் முனையிலோ தலை முனையிலோ தனியாக இருக்கும். அதை வெட்டி எடுத்தாலும் புரதம் டிஎன்ஏ-வைப் பிடிக்கும். விரல்களை வெட்டினாலும் கூட்டாளியைப் பிடிக்கும். இந்தப் பிரிவினை இருப்பதால்தான் ஒட்டுதலைத் தனியாக எடுத்துச் சோதனைக் குழாயில் ஆராய முடிகிறது.

சரி, ஒட்டுவது என்றால் எப்படி? பசை மாதிரியா?

பசை யாரைக் கண்டாலும் ஒட்டும். இவை ஆள் பார்த்து ஒட்டும். இந்த விஷயத்தில் எனக்குத் தீராத வியப்பு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழ ஈயில் ஜாட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. துத்தநாக விரல்களோடு சேர்ந்தே காணப்படுவதால் வந்த பெயர். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நான்கு சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு கட்டமைப்பு உண்டாகிறது. அதிலிருந்து நீளும் சுருள், இன்னொரு ஜாட்டின் சுருளோடு எதிரும் புதிருமாகப் படுத்துக்கொள்கிறது. இப்படி இரண்டு மூலக்கூறுகள் இணைந்து ஜோடியாகின்றன. இந்த வகைப் புரதங்கள் பூச்சிகளில்தான் பெருகியிருக்கின்றன. பழ ஈயில் மட்டும் தொண்ணூறுக்கும் மேல்.

தொண்ணூறு புரதங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒட்டினால் உட்கரு ஒரே கட்டியாகிவிடும். அப்படி ஆவதில்லை. பிட்டா என்ற புரதத்தின் ஜாட் இன்னொரு பிட்டாவோடு சேர்கிறது. ஜிபிக் ஜிபிக்கோடு சேர்கிறது. இசட்டபிள்யூ5 இசட்டபிள்யூ5-ஓடு. எக்ஸ்-கதிர் படிக ஆய்வில் பல ஜாட்களின் வடிவத்தைப் பார்த்தபோது, மொத்த மடிப்பு எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தது. அமினோ அமில வரிசையில் மட்டும் ஒற்றுமை மிகக் குறைவு. பூட்டுகளைப் பார்த்தால் தெரியும்: திண்டுக்கல் பூட்டுகள் வெளியிலிருந்து ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பல் வேறு. இங்கே பல் என்பது, இரண்டு மூலக்கூறுகள் தொடும் பரப்பில் எந்த இடத்தில் எண்ணெய்த்தன்மை உள்ள அமினோ அமிலம், எந்த இடத்தில் நேர்மின்னூட்டம், எந்த இடத்தில் எதிர்மின்னூட்டம் என்ற அமைப்பு. தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு எண்ணெய்த்தன்மை உள்ள பரப்புகள் நெருங்குகின்றன. மின்னூட்டங்கள் பொருந்தினால் நிலைக்கிறது, பொருந்தாவிட்டால் விலகிவிடுகிறது.

இரண்டாவது வகைப் பகுதிக்கு பிடிபி என்று பெயர். நூறு, நூற்றிருபது அமினோ அமில அளவு. பழ ஈயின் மூன்று ஜீன்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் இது, மனிதரிலும் இருக்கிறது. பொதுவாக இரண்டு பிடிபி-கள் ஜோடி சேரும். ஆனால் பூச்சிகளில் ஒரு கிளை தனி வழியில் போயிருக்கிறது. காகா காரணி, மாட்-எம்டிஜி4 முதலியவற்றில் இருக்கும் பிடிபி-கள் ஜோடியோடு நிற்காமல், மூன்று ஜோடிகள் வளையமாகி ஆறு பேர் கூட்டாகின்றன. இந்தக் கிளையில் தன் இனம் என்ற கட்டுப்பாடும் கொஞ்சம் தளர்வு: காகா காரணியின் பிடிபி, மாட்-எம்டிஜி4-இன் பிடிபி-யையும் சேர்த்துக்கொள்ளும்.

ஆறு பேர் கூட்டு என்பதால் என்ன லாபம் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு கை மட்டும் பிடித்திருந்தால் உட்கருவின் ஆட்ட அசைவில் விட்டுப்போகும். ஆறு மூலக்கூறுகளும் ஆளுக்கொரு டிஎன்ஏ இடத்தைப் பிடித்திருந்தால் ஒன்று விட்டாலும் மற்றவை தாங்கும், விட்டது மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஜிப்சியில் ஒரே புரதத்துக்குப் பன்னிரண்டு இடம் இருப்பதும் இப்படிப் பார்த்தால் பொருள் தருகிறது. தனித்தனி ஒட்டுதல் லேசானது. எண்ணிக்கையால் அது உறுதியாகிறது.

சோதனைக் குழாயில் ஜோடி சேர்வது சரி. உயிருள்ள ஈயில் அதே மாதிரி நடக்கிறதா?

இதைக் கேட்காமல் மேலே போகவே கூடாது. மாஸ்கோவில் ஒரு குழு 2016-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியான பதில். ஒயிட் ஜீனைத் தூண்டக்கூடிய காலி4 என்ற ஈஸ்ட் புரதம் உட்காரும் இடத்தை, ஜீனிலிருந்து தள்ளி வைத்தார்கள். அத்தனை தூரத்திலிருந்து அதனால் தூண்ட முடியாது. பிறகு, காலி4 இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டமைப்புப் புரதத்துக்கான இடங்களையும், ஜீனின் புரொமோட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தொகுதி இடங்களையும் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் பிட்டாவுக்கான இடம் என்றால், தூரத்துக் காலி4 ஜீனைத் தூண்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஜிபிக் என்றாலும் அப்படியே, இசட்டபிள்யூ5 என்றாலும் அப்படியே. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்று மாற்றி வைத்தபோது எதுவும் நடக்கவில்லை.

அதாவது, சோதனைக் குழாயில் பார்த்த ஆள் பார்த்து ஒட்டும் குணம் ஈயின் உடம்பிலும் அப்படியே இருக்கிறது. ஜிபிக்கை எடுத்து ஈஸ்ட் செல்லில் வைத்தபோதும் இதேபோல் தூரத்தைக் கடத்தியது. ஈஸ்ட்டில் ஈயின் மற்றப் புரதங்கள் எதுவும் கிடையாது. வேறு துணை இல்லாமலே ஜிபிக்கால் இதைச் செய்ய முடிகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆதாரம் வேண்டுமா?

எல்லாரும் தன் இனத்தோடுதான் சேர்வார்கள் என்றால், சிபி190 மட்டும் ஏன் எல்லா இடத்திலும் இருக்கிறது?

சிபி190 இந்தக் கூட்டத்தின் பொதுச் சொந்தக்காரர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுக்கும் வேண்டப்பட்ட ஒரு தாய்மாமா இருப்பாரே, அப்படி.

முதலில் இது சென்ட்ரோசோமில் (செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளை ஒழுங்குபடுத்தும் சிறு உறுப்பில்) இருக்கும் புரதமாகத்தான் அறிமுகமானது. எடையைப் பார்க்க ஜெல்லில் ஓட்டியபோது சுமார் 190 கிலோடால்டன் என்று காட்டியது. பெயரும் அதிலிருந்து வந்தது. செல் பிரியும்போது சென்ட்ரோசோமில் இருக்கும், பிரியாத நேரத்தில் குரோமோசோமில் இருக்கும். 2004-இல் வந்த ஆய்வு ஒன்று, செல் பிரிவதற்கு இது தேவையே இல்லை, ஆனால் ஈ உயிர் வாழத் தேவை என்று காட்டியது. முக்கியமான வேலை குரோமோசோமில்தான் என்பதற்கு அது முதல் தடயம்.

இதன் தலை முனையில் ஒரு பிடிபி உண்டு. மேலே சொன்ன ஆறு பேர் கூட்டு வகை இல்லை, சாதாரண ஜோடி வகை. இந்த பிடிபி ஜோடி சேர்ந்த பிறகும் அதன் மேல் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. சிடிசிஎஃப் தன் வால் முனையால் அங்கே வந்து பிடிக்கிறது. பிட்டாவும் அதே பிடிபி-யைத்தான் பிடிக்கிறது. சு-ஹேரிவிங்கும் சிபி190-ஐ நேரடியாகப் பிடிக்கிறது. சிபி190 ஜோடியாக இருப்பதால் ஒரு பக்கத்தில் ஒரு புரதமும் மறுபக்கத்தில் இன்னொரு புரதமும் தொங்கலாம்.

2022-இல் சிபி190 முழுவதும் இல்லாத கருக்களை ஆராய்ந்தபோது, புரொமோட்டர்களிலிருந்து தள்ளி இருக்கும் எல்லைகளில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் நிற்கின்றன என்று தெரிந்தது. அந்த எல்லைகள் குலைந்தபோது சில இடங்களில் பக்கத்து ஜீனின் தூண்டல் உள்ளே கசிந்தது. அதே கருக்களில், சோதித்துப் பார்த்த ஜீன்களில், தூரத்து என்ஹான்சர்கள் தங்கள் ஜீனைச் சரியாகவே எட்டிப் பிடித்தன. சுவர் எழுப்புவது ஒரு வேலை, பாலம் போடுவது வேறு வேலை என்று இந்த முடிவை நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் பழைய பாடக் குறிப்புகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருந்தேன். இப்போது திருத்திவிட்டேன்.

மனிதருக்கும் இதே ஏற்பாடுதானா, மேடம்?

கொஞ்சம் உண்டு, கொஞ்சம் இல்லை. சிடிசிஎஃப் நமக்கும் இருக்கிறது, ஈக்கும் இருக்கிறது. பாலூட்டிகளில் கொஹீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏ-வைத் தனக்குள் இழுத்து இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் இரண்டு சிடிசிஎஃப் வழிமறித்ததும் நின்றுவிடும். நம் எல்லைகளில் பெரும்பகுதி இப்படி உண்டாகிறது. பழ ஈயின் எல்லைகளில் பெரும்பாலானவை சிடிசிஎஃப் இல்லாமலே உண்டாகின்றன. எலிக் கருவில் சிடிசிஎஃப்-ஐ எடுத்துவிட்டால் தொடக்கத்திலேயே கரு இறந்துவிடும். ஈயில் முழுவதுமாக எடுத்தாலும் கருவளர்ச்சி முடிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, முழு ஈ உருவம் வரை வந்துவிடும். உடற்கண்டங்களின் அடையாளத்தில் கோளாறோடு அப்புறம்தான் இறக்கும். ஈயில் அந்தப் பொறுப்பைப் பல புரதங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈயின் உடற்செல்களில், தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமும் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நம் உடற்செல்களில் அப்படி இல்லை. 1954-இல் எட்வர்ட் லூயிஸ், ஒரு குரோமோசோமின் என்ஹான்சர் பக்கத்துக் குரோமோசோமின் ஜீனைத் தூண்டுவதைக் கவனித்து அதற்கு டிரான்ஸ்வெக்ஷன் என்று பெயரிட்டார். 1995-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, பழ ஈயின் கருவளர்ச்சி ஆய்வுக்காக. அச்சாக ஒரே எழுத்து வரிசை உள்ள இரண்டு நூல்கள் ஒன்றையொன்று தேடிச் சேர, தன் இனத்தோடு மட்டும் ஜோடி சேரும் புரதங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஒரு இன்சுலேட்டர் தடுக்கிறது என்றால், இரண்டு வைத்தால் இரண்டு மடங்கு தடுக்குமா?

என் வகுப்பில் எல்லாரும் 'ஆமாம்' என்றுதான் கை தூக்குவார்கள். 2001-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து பார்த்தன. என்ஹான்சருக்கும் புரொமோட்டருக்கும் நடுவே ஜிப்சி இன்சுலேட்டர் ஒன்று வைத்தால் தடை. அடுத்தடுத்து இரண்டு வைத்தால் தடை போய்விட்டது, தூண்டல் ஜீனைச் சேர்ந்தது! ஏனென்றால் அந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் நூல் கண்ணியாகி வெளியே தொங்குகிறது. கண்ணிக்கு இந்தப் பக்கம் இருந்த என்ஹான்சரும் அந்தப் பக்கம் இருந்த புரொமோட்டரும் கிட்டே வந்துவிடுகின்றன. பலகையில் வரைந்து காட்டினால் யாரும் நம்புவதில்லை. பூக்கட்டும் நூலில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, முடிச்சுகளைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், உடனே புரிந்துவிடும்.

திசையும் முக்கியம். ஈவ் என்ற ஜீனின் இரு பக்கமும் ஹோமி, நோமி என்று இரண்டு இன்சுலேட்டர்கள் உண்டு. ஹோமியின் ஒரு பிரதியை ஈவ் ஜீனிலிருந்து 1,42,000 எழுத்துகள் தள்ளி வைத்தாலும், அது தன் வீட்டு ஹோமியைத் தேடிப் போய்ச் சேர்கிறது. அதோடு கட்டி அனுப்பிய ஜீன்களில் எது ஈவ் என்ஹான்சர்களின் தூண்டலைப் பெறும் என்பது, ஹோமியை எந்தப் பக்கம் பார்க்க வைத்தோம் என்பதைப் பொறுத்தது. திருப்பி வைத்தால் மறுபக்கத்து ஜீன் தூண்டப்படுகிறது. ஹோமியும் ஹோமியும் தலைக்குத் தலை சேர்கின்றன; ஹோமியும் நோமியும் தலைக்கு வால் சேர்கின்றன. ஓர் இன்சுலேட்டரில் பல புரதங்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்க, அந்த வரிசையே எதிராளியின் வரிசையோடு பொருந்துகிறது என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

புரதம் புரதத்தை ஒட்டுகிறது என்பதை எப்படி உறுதிப்படுத்துகிறார்கள்?

ஒரு வழி, ஈஸ்ட் இரு-கலப்பு முறை. 1989-இல் வந்தது. காலி4 புரதத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நம் முதல் புரதத்தையும் மறுபாதியில் இரண்டாவதையும் கட்டிவிடுவார்கள். இரண்டும் ஒட்டினால் பாதிகள் சேர்ந்து ஈஸ்ட்டில் ஓர் ஜீனை இயக்கும், ஈஸ்ட் வளரும். இன்னொரு வழி, ஒரு புரதத்தை மணிகளில் கட்டி வைத்து, மற்றதை அதோடு கலந்து, கழுவிய பிறகும் அது கூடவே தங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, ஈயின் செல் சாற்றில் எதிர்ப்புப் புரதம் கொண்டு ஒன்றை மீன் பிடிப்பதுபோல் பிடித்து, கூட யார் வருகிறார்கள் என்று பார்ப்பது.

ஒவ்வொன்றிலும் ஏமாறலாம். எடுத்துக்காட்டாக, மணிகளில் கட்டப் பயன்படும் ஜிஎஸ்டி என்ற புரதமே ஜோடி சேரும் குணம் உடையது. நாம் ஆராயும் புரதம் ஜோடி சேர்கிறதா என்று அதை வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். மூன்றாவது முறையில், இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே டிஎன்ஏ துண்டின் மேல் உட்கார்ந்திருந்தாலும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் டிஎன்ஏ-வை நொதியால் அறுத்துவிட்டும் பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது: ஒரே முறையில் மட்டும் ஒட்டியது என்றால் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தொடும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதும் ஒட்டுதல் போய், ஈயிலும் விளைவு தெரிந்தால், அப்போது பேனாவால் எழுதுங்கள்.

நம் கல்லூரியில் இதில் எதைச் செய்து பார்க்கலாம்?

படிக ஆய்வு முடியாது. ஆனால் அந்த எல்லைகளைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் நிலைப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை உப்புக்கரைசலில் எடுத்து, அசிட்டோ ஆர்சின் சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கினால் ராட்சதக் குரோமோசோம் தெரியும். ஓராயிரம் இழைகள் சேர்ந்து படிந்திருப்பதால் சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். கருத்த பட்டை, வெளுத்த பட்டை, மறுபடி கருத்த பட்டை. பீஃப்-32-க்கு எதிர்ப்புப் புரதம் வைத்துப் பார்த்தவர்கள், நூற்றுக்கணக்கான வெளுத்த பட்டைகளில் அது உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள்.

உணவு நாமே காய்ச்சலாம். ரவை, வெல்லம், ஈஸ்ட், அகர், பூஞ்சை வராமல் இருக்கக் கொஞ்சம் புரொப்பியானிக் அமிலம். அகர் என்றதும் பயப்பட வேண்டாம்; ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசிதான்.

நம் ஊரில் கஷ்டம் வெயில்தான். 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈ ஆகப் பத்து நாள். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகும். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், விடுமுறையில் மின்சாரம் போய் இன்குபேட்டர் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது ஈக்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. நிம்மதியாகப் பூட்டிவிட்டு வந்தேன். அடுத்த தலைமுறை வரவே இல்லை. ஒய்2 வகை முழுவதும் போயிற்று, ஒன்றரை வருட உழைப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு வகையிலும் ஒரு பாட்டிலை வேறு வீட்டில், கீழ்த்தளத்துக் குளிர்ந்த அறையில், ஈரத்துணி சுற்றிய மண்தொட்டிக்குள் வைக்கிறோம்.

ஈயின் புரதத்தைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப் போகிறது?

2015-இல் ஒரு ஆய்வு, விரல்கள் குட்டையாகவோ கூடுதலாகவோ பிறந்த சில குடும்பங்களின் டிஎன்ஏ-வை ஆராய்ந்தது. ஜீன் கெட்டது காரணம் இல்லை. ஈபிஎச்ஏ4 என்ற ஜீனுக்குப் பக்கத்தில் இருந்த எல்லை குலைந்திருந்தது. அதன் என்ஹான்சர்கள் அடுத்த வீட்டு ஜீனைத் தூண்டிவிட்டன. மஞ்சள் ஈயில் பார்த்ததை அப்படியே கவிழ்த்து வைத்தால் இந்தக் குழந்தைகளின் கை.

இதில் மேலே படிக்க எங்கே போகலாம்?

பக்கத்திலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் இருக்கிறது. மூலக்கூறு உயிரியலுக்கு நல்ல அடித்தளம் கிடைக்கும். ஈக்களோடு பழக வேண்டும் என்றால் மைசூர் பல்கலைக்கழகத்தில் டிரோசோஃபிலா சேமிப்பு மையம் இருக்கிறது. எல்லைகளைப் பற்றியே ஆராய வேண்டும் என்றால் ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி-யைப் பாருங்கள். ராகேஷ் மிஸ்ரா அங்கே பழ ஈயின் உடற்கண்டங்களின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் பைதோராக்ஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் எல்லைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். பெங்களூரிலும் ஈ ஆய்வகங்கள் பல உண்டு.

பள்ளி மாணவர்கள் தொடங்குவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வாய் அகன்ற பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஈயும் உணவும் நான் தருகிறேன். பஞ்சை மட்டும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளுங்கள், பேருந்தில் போகும்போது கழன்றுவிடக் கூடாது.